மூன்றாவது முகம்

அருளம்மாள் என்ற எழுபத்து நான்கு வயதுப் பெண்மணியின் இரண்டு கண்களும் பார்வை இழந்ததற்கு நான்தான் காரணம். தெரியாமல் நடந்ததல்ல. தெரிந்தே செய்தேன்.

இதைப் படிக்கும் உங்களுக்கு என்னைத் தெரிந்திருக்கவும் கூடும். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வியாபாரம் செய்கிறேன். இங்குள்ள சேவைச் சங்கம் ஒன்றில் இருபது ஆண்டுகளாக இருக்கிறேன். முன்பு செயலாளர், இப்போது தலைவர். இலவசக் கண் சிகிச்சை முகாம் என்று எங்கே பிளெக்ஸ் தொங்கினாலும் அதன் ஓரத்தில் என் படம் சிரித்துக்கொண்டிருக்கும். ஆம், கண் சிகிச்சை முகாம்தான்! நீங்கள் சிரிப்பதானால் இங்கேயே சிரித்துவிடுங்கள். பிறகு சிரிக்க இடமில்லை.

எங்கள் சங்கம் மோசமான சங்கமல்ல. கூட்டங்களில் கீழே இருப்பவர்களைவிட மேடையில் இருப்பவர்கள் அதிகம் என்பது உண்மைதான். ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்தி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும் என்பதும் உண்மைதான். ஆனாலும் ரத்த தானம், பள்ளிகளுக்கு மேசை நாற்காலி, மழை வெள்ளத்தில் சோற்றுப் பொட்டலம் என்று ஏதாவது செய்துகொண்டுதான் இருக்கிறோம்.

ஏழு ஆண்டுகளுக்கு முன்பு, எல்லைச் சண்டையில் உயிர்விட்ட நம் வட்டார வீரர்களுக்குச் சங்கக் கட்டடத்தின் முன்னால் ஒரு நினைவுக்கல் வைப்பது என்று முடிவாயிற்று. விசாரித்ததில் மூன்று பெயர்கள் கிடைத்தன. நிதி திரட்ட, ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரோட்டத்தன்று ரத வீதியில் பால்கோவாக் கடை போட்டோம். ராஜபாளையத்தில் நாய்க் கண்காட்சி நடத்தினோம்; முதல் பரிசு வாங்கிய நாய் எங்கள் அப்போதைய தலைவரின் வேட்டியைக் கவ்வி இழுத்தது. நன்றாகவே வசூலாயிற்று. கறுப்புப் பளிங்குக் கல், அதில் மூன்று வீரர்களின் முகங்கள், கீழே நன்கொடை தந்த பத்தொன்பது பேரின் பெயர்கள்.

படங்களை வாங்கிவரும் பொறுப்பு செயலாளரான என்னுடையது. இரண்டு குடும்பங்கள் நல்ல படங்களாகக் கொடுத்துவிட்டன. மூன்றாவது வீரன் சாமுவேல், மம்சாபுரத்துக்காரன். இருபத்தொரு வயதில் இறந்தவன். தகப்பன் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். தங்கை திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள், ஊர்ப்பக்கம் வருவதே இல்லை. தாய் அருளம்மாள் மட்டும் ஊரில் தனியாக இருந்தார்.

நான் போனபோது அவர் வேதப்புத்தகத்தின் நடுவிலிருந்து ஒரு படத்தை எடுத்துத் தந்தார். சீருடையில் நான்கு பேர் தோளில் கைபோட்டு நிற்கிற படம்.

“இது ஒண்ணுதான் மிச்சம் சார். சட்டம் போட்டு மாட்டியிருந்ததக் கரையான் அரிச்சிருச்சு. கண்ணுல ஒரே பொகையா இருக்கு, இருந்தாலும் இவன் நிக்கிற எடம் எனக்குத் தெரியும்” என்று சொல்லிப் படத்தின்மேல் விரலை வைத்துக் காட்டினார்.

நான் பார்க்கவில்லை. பந்தல்காரர் போனில் கூப்பிட்டிருந்தார். நூறு நாற்காலியா நூற்றைம்பதா என்று அவரிடம் பேசிக்கொண்டே தலையாட்டிவிட்டு, படத்தை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஒரு தாய் தன் மகனைக் காட்டினாள்... நான் நாற்காலிக் கணக்குப் பார்த்தேன்!

இரண்டு நாள் கழித்துக் கல் செதுக்குகிறவர் கேட்டார்: “சார், நாலு பேர் நிக்காங்களே, இதுல யாரு?” மம்சாபுரம் ஒன்றும் மலேயா அல்ல. ஸ்கூட்டரில் போய்க் கேட்டு வர அரை மணி நேரம் ஆகியிருக்கும். நான் படத்தைப் பார்த்தேன். ஒருவருக்கு மட்டும் முறுக்கிய மீசை, நிமிர்ந்த நெஞ்சு. வீரன் என்றால் இப்படித்தான் இருப்பான் என்று தோன்றியது. “மீசை வச்சிருக்கவரு” என்றேன்.

திறப்பு விழா சிறப்பாக நடந்தது. பேண்டு வாத்தியம், இரண்டு நிமிட மௌனம், மலர்வளையம். அருளம்மாளை ஒரு பக்கத்து வீட்டுப் பெண் கைப்பிடித்து அழைத்து வந்திருந்தாள். சாமுவேல் இறந்து பல ஆண்டுகள் கழித்து அந்த ஊருக்கு மருமகளாக வந்தவள் அவள், அவனைப் பார்த்ததில்லை. அருளம்மாள் கல்லின் அருகே போய், மூன்றாவது முகத்தின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

“எம்மவன் எப்படி வந்துருக்கான் சார்?”

“அப்படியே இருக்காரும்மா” என்றேன். அப்போது அதைப் பொய் என்று அறியாமல்தான் சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் என்னை விட்டுவிடுங்கள்.

கூட்டம் கலைந்த பிறகு, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். சாமுவேலோடு ஒரே பிரிவில் இருந்தவர்.

“சார், தப்பா எடுத்துக்கிடாதீங்க. மூணாவது படம் சாமு இல்ல. சாமுக்கு மீசையே சரியா மொளைக்கல. இவரு எங்க கூட இருந்த வேற ஒருத்தரு. இப்பவும் நல்லா இருக்காரு, ஓசூர்ல செக்யூரிட்டி வேல பாக்காரு.”

உயிரோடு இருக்கிற மனிதருக்கு மலர்வளையம் வைத்திருக்கிறோம்! வெளியே சொல்ல வேண்டாம், நான் சரிசெய்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன்.

“நான் யாருகிட்ட சொல்லப் போறேன். சீக்கிரம் மாத்திருங்க சார். அவுக அம்மா கண்ணால பாத்தாகன்னா தாங்க மாட்டாக” என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறிப் போனார்.

மாற்றியிருக்கலாம். ஏன் மாற்றவில்லை? பத்தொன்பது நன்கொடையாளர்களிடமும் சொல்ல வேண்டும். செய்தித்தாளில் படத்தோடு வந்துவிட்டது. அடுத்த ஆண்டு தலைவர் பதவிக்கு என் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்தது. எங்கள் சங்கத்தில் கேலிக்குப் பஞ்சமே கிடையாது. நாய் வேட்டியைக் கவ்விய கதையையே இன்றுவரை விடவில்லை. இதைக் கேட்டால் என்னை விடுவார்களா? இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்குமா என்று எனக்குள் எவ்வளவோ தேடிப் பார்த்துவிட்டேன்... இல்லை.

அடுத்த மூன்றாவது வாரம் கண் முகாம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பரிசோதனை; புரை உள்ளவர்களை ஞாயிறு காலை மதுரைக்குப் பேருந்தில் அழைத்துப் போய், அறுவை சிகிச்சை செய்து திரும்பக் கொண்டுவந்து விடுவோம். அருளம்மாளும் வந்திருந்தார். ரத்தம், சர்க்கரை, அழுத்தம் எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. ‘இரு கண்ணிலும் புரை, அறுவை சிகிச்சைக்கு ஏற்றவர்’ என்று எழுதிய சீட்டு என் மேசைக்கு வந்தது. சீட்டுகளை வாங்கிப் பட்டியல் எழுதுகிறவன் நான்.

“சார், கண்ணத் தொறந்ததும் மொதல்ல ராசபாளையம்தான் வருவேன். எம்மவனப் பாத்துட்டுத்தான் வீட்டுக்கே போவேன்” என்றார்.

நான் அந்தச் சீட்டை மடித்து மேசை இழுப்பறையில் போட்டேன். “உங்களுக்குச் சுகர் கூட இருக்கும்மா. இப்ப ஆபரேசன் பண்ணக்கூடாது. குறையட்டும், அடுத்த முகாம்ல பாத்துக்கலாம்” என்றேன்.

அதற்குள் கல்லை மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்! ஆனால் நினைத்ததோடு சரி.

அவரோ நான் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். காபியில் சர்க்கரையை நிறுத்தினார். சோற்றைக் குறைத்துக் கேப்பைக் கூழுக்கு மாறினார். கிறிஸ்துமசுக்குப் பக்கத்து வீட்டில் கொடுத்த அதிரசத்தைக்கூடத் தொடவில்லை என்று பிறகு பெருமையாகச் சொன்னார். இல்லாத நோய்க்கு ஒரு மனுஷி வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த முகாமிலும் அதையே சொன்னேன். அதற்கடுத்த முகாமிலும். அவரை வரிசையில் நிற்கவிடாமல், தனியாக நாற்காலி போட்டு உட்காரவைத்து, காபி வாங்கிக் கொடுத்து, நானே ‘பார்த்து’ அனுப்பிவிடுவேன். ஒரு வீரனின் தாய்க்குச் செயலாளர் காட்டும் மரியாதையைப் பார் என்று மற்ற உறுப்பினர்கள் மெச்சினார்கள். அந்த ஆண்டுதான் நான் தலைவரானேன்.

மூன்றாம் ஆண்டில் ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண் போன் செய்தாள். “அத்தைக்குக் கண்ணு ரெண்டும் செவந்து, வலி தாங்க முடியல சார். உங்களத்தான் கூப்பிடச் சொல்லுதாக.” பயந்துபோய் என் காரிலேயே மதுரைக்குக் கூட்டிப் போனேன்.

மருத்துவர் சோதித்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். புரை முற்றிப்போய்க் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துவிட்டது, இரண்டு கண்ணிலும்தான், இனி என்ன செய்தாலும் பார்வை வராது என்றார். ஓர் ஆண்டுக்கு முன் வந்திருந்தால் சாதாரண அறுவை சிகிச்சையில் முடிந்திருக்கும், ஏன் இவ்வளவு நாள் விட்டீர்கள் என்று கோபப்பட்டார். கதவு திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் இருந்த அருளம்மாளுக்கு அந்தச் சத்தம் மட்டும் கேட்டிருக்கிறது.

“டாக்டரய்யா, சாரத் திட்டாதீங்க. அவுகதான் என்னைய இம்புட்டு நாளா கவனிச்சுக்கிட்டு வாராக” என்றார்.

இப்போது, இதுவரை சொன்னதைவிட மோசமான ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த அறையில் எனக்கு முதலில் வந்தது துக்கமல்ல. நிம்மதி. இனி இவர் அந்தக் கல்லைப் பார்க்கவே போவதில்லை என்ற நிம்மதி! துக்கம் பிறகு வந்தது, கார் திருமங்கலம் தாண்டிய பிறகு. முதலில் எது வந்தது என்பது எனக்குத் தெரியும். நீங்கள் என்னைப் பற்றி என்ன முடிவுக்கு வந்தாலும் இதையும் சேர்த்துக்கொண்டு வாருங்கள்.

பக்குவமாக நீங்களே சொல்லிவிடுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கிருஷ்ணன்கோவிலில் டீக்கடை ஓரமாகக் காரை நிறுத்தினேன். சொல்லத்தான் நிறுத்தினேன்.

“எப்ப ஆபரேசனாம் சார்?” என்று அவரே கேட்டார்.

“சுகர் இன்னும் கொஞ்சம் குறையணுமாம்மா.” வாய் அதுவாகவே சொல்லிற்று. பழகிப்போன பொய் அல்லவா!

அன்றிலிருந்து நான்கு ஆண்டுகள். வலி குறைய மருத்துவர் கொடுத்த சொட்டு மருந்தை, பார்வை வர வைக்கிற மருந்து என்று நினைத்து வேளை தவறாமல் விட்டுக்கொண்டு வருகிறார். ஆண்டுதோறும் நினைவு நாளில் நான்தான் அவர் கையைப் பிடித்துக் கல்லருகே அழைத்துப் போகிறேன். ஓசூரில் காவலுக்கு நிற்கிற யாரோ ஒருவரின் நெற்றியை அவர் தடவித் தடவி முத்தமிடுகிறார். நான் பக்கத்தில் சங்கத்தின் பேட்ஜைக் குத்திக்கொண்டு நிற்கிறேன். கல்லை இன்னும் மாற்றவில்லை. அவசரம் போய்விட்டது அல்லவா...

நேற்று முன்தினம் இந்த ஆண்டு முகாமின் பரிசோதனை நடந்தது. நான் சிறப்பு விருந்தினரை வரவேற்க வாசலுக்குப் போயிருந்த நேரத்தில், புதிதாக வந்திருந்த நர்ஸ் ஒருத்தி அருளம்மாளை வரிசையில் சேர்த்து ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டாள். நான் திரும்பி வந்தபோது சீட்டை நீட்டினாள்.

“சார், இந்தம்மாவுக்குச் சுகரே இல்லியே! யாரு இருக்குன்னு சொன்னது?”

நான் எதையும் சொல்வதற்குள் அருளம்மாள் எழுந்துவிட்டார். காற்றில் துழாவி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அந்த முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை இந்த ஏழு ஆண்டுகளில் நான் பார்த்ததில்லை.

“கொறஞ்சிருச்சா சார்? எம்புட்டு வருசமா வாயக் கட்டுனேன்! கர்த்தர் கண்ணத் தொறந்துட்டாரு. அப்ப இந்த வாட்டி என்னையும் பஸ்ஸுல ஏத்திருவீகல்ல?”

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். உறுப்பினர்கள், விருந்தினர், படம் எடுக்கிறவர்... “ஏத்திருவோம்மா” என்றேன். மேசையில் உட்கார்ந்து, பட்டியலில் நாற்பத்தோராவது பெயராக அவர் பெயரை என் கையாலேயே எழுதினேன்.

நாளை காலை ஆறு மணிக்குப் பேருந்து கிளம்புகிறது. மதுரையில் மருத்துவர் விளக்கு அடித்துப் பார்த்ததும் சொல்லிவிடுவார். அதற்கு முன்பு நான் சொல்ல வேண்டும். மம்சாபுரத்துக்குப் போய்வர அரை மணி நேரம்தான் ஆகும். மத்தியானத்திலிருந்து ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, போவதற்குப் பதில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். முன்பின் தெரியாத உங்களிடம் இவ்வளவும் சொல்ல முடிகிறது!

சற்றுமுன் பக்கத்து வீட்டு போனிலிருந்து அவரே பேசினார்.

“சார், மாத்துச் சேல ரெண்டு எடுத்து வச்சிருக்கேன். போதுமா?”

போதும் என்றேன்.