மாமனார் படித்துக் காட்டிய கொலைக் கதை

மழை விட்ட கார்த்திகையில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், "ஒரு மாசம் ஆபீஸ் பக்கமே போகக் கூடாது. எண்ணெய் கூடாது, அலைச்சல் கூடாது. நல்லா ரெஸ்ட் எடுங்க" என்றார். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டுதான் கேட்டேன். உள்ளுக்குள் ஒரே குதூகலம். தினமும் காலையில் திண்டிவனத்தில் ரயிலேறி விழுப்புரத்தில் இறங்கி, சாயங்காலம் கூட்டத்தில் நசுங்கித் திரும்புகிறவளிடம், பகலில் படுத்துக்கொண்டு புத்தகம் படிக்கலாம் என்று யாராவது சொன்னால் வேறெப்படி இருக்கும்?

கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு பைகளை வைத்துக்கொண்டேன். ஒன்றில், விழுப்புரத்துப் பழைய புத்தகக் கடையில் வாங்கிப் படிக்காமலே கிடந்த நாவல்கள். இன்னொன்றில், எப்போதோ ஆசைப்பட்டு ஆன்லைனில் வரவழைத்த உல்லன் நூலும் குரோஷா ஊசியும். செல்போனில் வீடியோ பார்த்துக் கொஞ்சம் பின்னக் கற்றிருந்தேன்.

கணவர் வேலைக்குப் போய்விட்டால் பகலில் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆளில்லை. என் அம்மாவும் இல்லை, மாமியாரும் இல்லை. அதனால் வல்லத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மாமனார் வந்து இறங்கினார், ஒரு பை மல்லாட்டையோடும் ஒரு கட்டுக் கீழாநெல்லியோடும். எண்ணெய்ச் சத்துள்ள வேர்க்கடலை என்பதால் மல்லாட்டையை நான் தொடக் கூடாது. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கித் தினமும் குடித்தாக வேண்டும்.

மாமனாரும் நானும் அதுவரை பேசியது "வாங்க மாமா", "சாப்பிடுங்க மாமா", "இருக்கட்டும்மா" என்கிற அளவில்தான். அவர் கூடத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உரிப்பார். நான் அறையில் படுத்திருப்பேன். வேளைக்கு டம்ளர் வரும். "கண்ணுல மஞ்ச கொறஞ்சிருக்குதா?" என்று கதவைப் பார்த்துக்கொண்டே கேட்பார்.

நூல்தான் அதை மாற்றியது. சிட்டமாக, நீள வளையக் கட்டாக வந்த நூலை உருண்டையாகச் சுற்றினால்தான் பின்ன முடியும். நான் கட்டில் காலில் மாட்டிச் சுற்றப் போய் எல்லாம் சிக்கலாகிவிட்டது. கூடத்திலிருந்து பார்த்தவர் பொறுக்கமாட்டாமல் உள்ளே வந்தார்.

"இப்டி இஸ்த்தா இன்னும் இறுகும்மா. இங்க குடு."

சிக்கெடுத்து, சிட்டத்தைத் தம் இரு கைகளிலும் மாட்டிக்கொண்டு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். நான் சுற்றச் சுற்ற, கைகளை இப்படியும் அப்படியும் சாய்த்துக் கொடுத்தார். கை இரண்டும் மாட்டிக்கொண்ட மனிதர் எங்கே எழுந்து போவது? பாதி உருண்டை தேறியது. பிறகு, மெத்தையில் கவிழ்த்து வைத்திருந்த நாவலைத் தாடையால் காட்டினார்.

"அதுல இன்னா கதைம்மா?"

"கொலைக் கதைங்க மாமா. மலை மேல ஒரு பங்களா. பூட்டின ரூம்ல ஒரு பெரியவர் செத்துக் கெடக்கறாரு."

"யாரு கொன்னது?"

"இன்னும் தெரியலைங்க."

"படி, கேப்போம்."

நாலு பக்கத்துக்குள் எனக்கு மூச்சு வாங்கியது. "நீ சும்மா இரு" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தை வாங்கினார். அன்றிலிருந்து அவர் படிக்க, நான் மப்ளர் பின்னினேன். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிதானமாக வாசிப்பார். காதல் வசனம் வந்தால் தொண்டையைக் கனைத்து, "இங்க ரெண்டு பேரும் ஏதோ பேசிக்கினு இருக்காங்க" என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். நான் போர்வைக்குள் சிரிப்பேன்.

அவருக்கு முதலிலிருந்தே கதையில் வரும் டாக்டர் மேல்தான் சந்தேகம். "நல்லா இருக்கறவருக்கு எதுக்கு வந்து ஊசி போடறான்?" எனக்கோ பெரியவரின் தம்பி மகன் மேல். கதை சூடு பிடித்த இடங்களில் பின்னல் கணக்கைக் கோட்டை விட்டேன். மப்ளர் ஓரிடத்தில் முழ அகலமும் ஓரிடத்தில் உள்ளங்கை அகலமுமாக நீண்டது. வேலை முடிந்து வந்த கணவர் வாசலிலேயே நின்று எங்கள் வாதத்தைக் கேட்டுவிட்டு, "எங்கப்பா என்கிட்ட இவ்ளோ பேசினதே இல்ல" என்றார்.

ஒருநாள் கதை உச்சத்துக்கு வந்தது. துப்பறிகிறவர் எல்லோரையும் உட்காரவைத்து, கொலை செய்தவர் இந்த அறையிலேயே இருக்கிறார் என்கிறார். மாமனார் பக்கத்தைத் திருப்பினார். அடுத்தது அட்டை. கடைசித் தாள்களை யாரோ கிழித்திருந்தார்கள்.

"பேஜாரா பூட்ச்சேம்மா!"

அன்று அவர் சரியாகச் சாப்பிடவே இல்லை. மறுநாள் காலை என் கஞ்சியை ஃபிளாஸ்கில் ஊற்றி வைத்துவிட்டு, வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றார். "விழுப்புரம் வரிக்கும் ஒரு வேல. ஜல்தியா வந்துர்றேன்." நிலம் சம்பந்தமான ஏதோ ஆபீஸ் வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் திரும்பியவர் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார். "லைப்ரரில அதே புஸ்தகம் இருந்துச்சிம்மா. உறுப்பினரா இருந்தாத்தான் வெளிய குடுப்பாங்களாம். அங்கயே குந்திப் படிச்சேன். நான் தடவித் தடவிப் படிக்கறதப் பாத்துட்டு, அங்க வேல செய்யற அம்மாவே கடைசியப் படிச்சிக் காட்டுச்சி. பேப்பர் படிச்சிக்கினு இருந்தவங்கல்லாம் வந்து சுத்தி நின்னுட்டாங்க."

"யாருங்க மாமா கொன்னது? டாக்டரா?"

"மொதல்ல கீழாநெல்லியக் குடி."

ஒரே மூச்சில் குடித்து டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினேன்.

"நாம ரெண்டு பேருமே தப்பு. பெரியவரோட அக்கா."

"தெனம் காபி போட்டுக் குடுத்தாங்களே, அவங்களா?"

"அவங்களேதான். நல்ல பொம்பளன்னு நம்பிக்கினு இருந்தேன்" என்றார், நிஜமான வருத்தத்தோடு. வெளியே இருந்துகொண்டு உள்பக்கம் தாழ் போட்டது எப்படி என்று விளக்க, என் உல்லன் நூலைத் தாழ்ப்பாளில் கட்டி, வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இழுத்தார். மூன்று முறை நூல்தான் நழுவியது. நாலாவது முறை தாழ் 'டக்'கென்று விழுந்தது. உள்ளே இருந்த நான் கைதட்டினேன்.

அடுத்த பரிசோதனையில் காமாலை நன்றாக இறங்கியிருந்தது. அவர் ஊருக்குக் கிளம்பிய அன்று மப்ளரைக் கொடுத்தேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் உச்சி வெயிலில் அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு நின்றார். "இந்த வெயில்ல எதுக்குப்பா?" என்று கணவர் கேட்டதற்கு, "நீ சும்மா இர்றா" என்று பதில் வந்தது.

நான் மறுபடி ரயிலில் போய்வரத் தொடங்கிய வாரம், சாயங்கால நெரிசலில் போன் அடித்தது. மாமனார் தம் ஊர்ப்பக்கத்து நூலகத்தில் சேர்ந்திருந்தார். நான் நலமா என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"புதுசா ஒண்ணு எடுத்தாந்துக்கிறேம்மா. பாதி ஆச்சி. சமையக்காரன் மேலதான் எனக்கு டவுட்டு."

ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, "முதல்ல இருந்து சொல்லுங்க மாமா" என்றேன்.