பதினேழாம் நம்பர் புளியமரம்

போன வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் ஊர் லாடக்காரர் காதர் பாய் வாசலில் வந்து நின்றார்.

"மெம்பர் ஐயா, ஒரு குடை வாங்கிக் குடுங்க."

"உங்களுக்கா?"

"எனக்கு இன்னாத்துக்கு? மாட்டுக்கு."

கிண்டல் இல்லை, கோபமும் இல்லை. அதனால்தான் அதிகமாக உறைத்தது.

பூந்தமல்லியைத் தாண்டி, டிரங்க் ரோட்டின் மேலேயே இருக்கிறது எங்கள் ஊர். பட்டணத்துக்கு நெல்லும் வைக்கோலும் ஏற்றிப் போகிற வண்டிகள் இங்கே நின்று மாட்டுக்கு லாடம் மாற்றும். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்துப் படுக்கவைத்து அடிக்கிற வேலை. கொதிக்கிற மண்ணில் எந்த மாடு படுக்கும்? ரோட்டோரமாக முனுசாமியின் பட்டா நிலத்தில் ஒரு பெரிய புளியமரம். அதன் நிழல்தான் காதர் பாயின் பட்டறை.

யுத்தம் வந்ததிலிருந்து பெட்ரோல் கிடையாது — பஸ்களெல்லாம் கரி வாயுவில் ஓடுகின்றன. கரிக்கு மரம் வேண்டுமே... ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. மரம் நடுங்கள், மரத்தைக் காப்பாற்றுங்கள் என்று இந்தப் பத்திரிகையில் இதே பத்தியில் எத்தனை வாரம் உங்களை அறுத்திருக்கிறேன்! பஞ்சாயத்து போர்டு மெம்பரான பிறகு சும்மா இருப்பேனா? ஒரு சட்டம் எழுதினேன். ஊரிலுள்ள பெரிய மரங்களுக்கெல்லாம் தாரால் நம்பர் போடுவது. நம்பர் போட்ட மரத்தை அனுமதியில்லாமல் தொடக் கூடாது. வீட்டுக்கு ஒரு கன்று நட வேண்டும். போர்டில் எல்லாரும் கை தூக்கினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பியூன் தெருத்தெருவாகப் போய், எந்த மரத்துக்கு எந்த நம்பர் என்று லிஸ்ட் எடுத்தான். வருகிற ஒண்ணாந்தேதி நம்பர் போடப்படும் என்று தண்டோராவும் போட்டாயிற்று.

நடுவில் எட்டு நாள். அந்த எட்டு நாளும் ஊரில் கோடரிச் சத்தம் ஓயவில்லை.

முனுசாமி நிலத்துக்கு ஓடினேன். மரம் விழுந்து கிடந்தது. கரிக்காரன் கிளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். அதைப் பார்க்க மாட்டாமல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார் முனுசாமி.

"ஏண்ணே வெட்டினீங்க?"

"நம்பரு போட்டா சர்க்காரு மரமாப் பூடுமே நைனா. ரோட்டு மேல கீற புளியமரத்துக்கெல்லாம் நம்பரு கீது. பழத்த ஏலம் வுட்றான். கீழ வுயுந்தத ஒண்ணு பொறுக்க முடியுதா? என் ஊட்டுக் கொழம்புக்கு நான் ஏலம் எடுக்கணுமா?"

"இது காப்பாத்தறதுக்குப் போடற நம்பர்..."

"அத்த தண்டோராவுல சொல்லலியே."

சொல்லவில்லைதான். நான் எழுதிக் கொடுத்த வாசகத்தில் எச்சரிக்கை இருந்தது, அபராதம் இருந்தது. மரம் உங்களுடையதே என்று ஒரு வரி இல்லை. அது எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். வெள்ளைக்காரன் ராஜ்ஜியத்தில் நம்பர் விழுந்த எதுதான் நம்மிடம் தங்கியிருக்கிறது? முனுசாமிக்கு ஞாபகம் இருந்தது. படித்த எனக்கு இல்லை. வெட்கமாக இருந்தது.

"வேற ஒண்ணு நடுங்கண்ணே," என்றேன்.

"நட்றேன். நம்பரு போட மாட்டோம்னு எழுதிக் குடு."

எழுதிக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது வண்டிகள் நிற்காமல் பூந்தமல்லிக்கே போய் லாடம் அடித்துக்கொள்கின்றன. காதர் பாய் காலையிலிருந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம். குடை கேட்டவர், போகும்போது தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டார்.

"அந்த அடிக்கட்டைய பேத்துட்டா, நாலு கொம்பு நட்டு நிழலுக்குக் கீத்து போட்டுக்குவேன். முனுசாமியும் சரின்னுட்டாரு."

இதையாவது செய்து கொடுப்போம் என்று பியூனையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன். கட்டையைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். அதன்மேல் தாரில் பதினேழு என்று எழுதியிருந்தது.

"ஏம்பா, மரமே இல்லையே?"

"லிஸ்டுல கீதுங்களே," என்றான்.

ஆக, என் சட்டப்படி இனி அனுமதியில்லாமல் யாரும் அதைத் தொட முடியாது. மரம் போய்விட்டது... கட்டை பத்திரமாக இருக்கிறது.