பலகையை விட்டுக்கொடுத்தேன்

மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை செய்கிறேன். போன மாதம் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தபோது, குடித்துவிட்டு வந்த ஒருவன் என் முந்தானையைப் பிடித்து இழுத்தான். உப்பு வாரும் பலகையை அதன் நீளக் கம்போடு ஓங்கினேன். பயந்து பின்வாங்கினான்.

அதற்குள் லோடு ஏற்ற வந்த லாரி டிரைவர் ஓடி வந்தார். "நீங்க ஒதுங்குங்கக்கா, ஆம்பள நான் இருக்கேன்ல!" என்று பலகையைப் பிடித்தார். ஆம்பிளை சொல்கிறாரே என்று நானும் விட்டுத் தொலைத்தேன்.

ஈர வரப்பில் நாங்கள் வெறுங்காலோடுதான் நடப்போம். அவர் செருப்போடு பாய்ந்து, வழுக்கி விழுந்தார். குடிகாரன் அதே பலகையைப் பிடுங்கி அவர் மண்டையில் போட்டான். பாத்தித் தண்ணீர் சிவந்தது. மறுபடி ஓங்கியவன் கண்ணில் இரண்டு கையாலும் உப்பை அள்ளி அடித்தேன். அலறிச் சுருண்டான். கூட வேலை செய்யும் பெண்கள் ஓடிவந்து அவனை அமுக்கிப் பிடித்தார்கள்.

தையல் போட்ட தலையோடு டிரைவர் கேட்டார்: "பொம்பளைய முன்னாடி விட்டுட்டு எப்படிக்கா நிக்கிறது?"

"பக்கத்துல நின்னிருக்கலாமே தம்பி" என்றேன்.

இப்போதும் யார் உதவிக்கு வந்தாலும் வேண்டாம் என்பதில்லை. பலகையை மட்டும் கொடுப்பதில்லை.