கலர் படத்துக்குத் தெரியாத கட்டி

எண்பத்தாறாம் வருஷம் வாடிப்பட்டி ரெங்கம்மாளின் மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலி இல்லை. வெட்கத்தில் சில வாரம் பொத்தி வைத்திருந்துவிட்டுத்தான் கணவன் மொக்கையனிடம் சொன்னாள்.

தெருவில் முதன்முதலாகக் கலர் டிவி வாங்கியவன் மொக்கையன். வைத்தியத்திலும் கலரையே தேடினான். மதுரை கோரிப்பாளையத்தில் ஒரு டாக்டர் உடம்புச் சூட்டைக் கலர் கலராகப் படம் எடுக்கிறார் என்று கேள்விப்பட்டு மனைவியை அங்கே கூட்டிப்போனான். ஏசி அறையில் ரவிக்கை இல்லாமல் கையைத் தூக்கிக்கொண்டு ரெங்கம்மாள் வெடவெடத்தாள். கட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காத டாக்டர், படத்தை மட்டும் ஆசையாகத் தடவிப் பார்த்தார்.

"கேன்சர்னா செவப்பா எரியும். இது பச்சை. பயமே இல்ல."

மொக்கையன் அந்தப் படத்தை டீக்கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினான்.

"எந்த ஊரு மேப்பு மாப்ள?" என்றார் ஒருவர்.

மொக்கையன் விளக்கினான். கேட்டவர் படத்தைச் சட்டென்று கவிழ்த்து வைத்தார்.

சேதி வீட்டுக்கு அவனுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. "என் மாரை டீக்கடையிலயா விரிச்சு வச்ச?" என்று ரெங்கம்மாள் ஆடித் தீர்த்தாள். படம் பச்சையாகவே இருந்தது, கட்டிதான் பெருத்தது.

பொறுக்கமாட்டாமல் நாத்தனார் சீனியம்மாளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மறுபடி மதுரைக்கு பஸ் ஏறினாள். ஸ்கேன் டாக்டர் பசை தடவிப் பார்த்தார். "சூட்டுப் படமா? அடுப்பு எரியுதான்னு பாக்கத்தான் அது லாயக்கு. இது நீர்க்கட்டி இல்ல, கெட்டிக் கட்டி" என்றார். அடுத்து எக்ஸ்ரே டாக்டர், மார்பை இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்து நசுக்கினார். ரெங்கம்மாளுக்கு உயிர் போய் வந்தது. "ஸ்கேனா? அது வயித்துப் புள்ளைக்கு. இங்க பாருங்க, ரவை கொட்டுன மாதிரி பொடிப்பொடியா சுண்ணாம்பு. சந்தேகமாத்தான் இருக்கு." ஆளாளுக்கு அடுத்தவன் மெஷினில் இருந்த கோளாறு மட்டும் துல்லியமாகத் தெரிந்தது.

கடைசியில் பார்த்த அறுவை டாக்டரம்மா, படங்களை ஓரமாக வைத்துவிட்டு முதலில் கையால் அமுக்கிப் பார்த்தார், அக்குளையும் விடவில்லை. "எந்தப் படமும் சந்தேகம் வரைக்கும்தான்மா கொண்டுவிடும். ஊசியில உறிஞ்சிச் சோதிச்சாத்தான் முடிவு தெரியும்."

சோதித்தார்கள். கேன்சர்தான். ரெங்கம்மாள் சீனியம்மாளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள், அழவில்லை.

ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட வந்த மொக்கையனுக்கு மனசு ஆறவில்லை. "கலர்ல பச்சையாத்தான இருந்துச்சு டாக்டரம்மா?"

"உங்க வயலும்தான் பச்சையா இருக்கு. தண்டுக்குள்ள பூச்சி இல்லையா?"

மொக்கையன் பேனாவை வாங்கிக் கையெழுத்தைப் போட்டான்.

மார்பை எடுத்தார்கள், கதிர்வீச்சுக் கரண்டும் வைத்தார்கள். ரெங்கம்மாள் கறுத்து மெலிந்து வீடு திரும்பினாள். சொந்தபந்தம் ஆப்பிளும் ஒப்பாரிக் குரலுமாக வந்து குவிந்தது. "மகராசி, எம்புட்டு நல்லா இருந்தவ!" என்று ஒருத்தி மூக்கைச் சிந்தினாள்.

ரெங்கம்மாள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். "இருந்தவ இல்லத்தா, இருக்கேன். சாகுறப்ப ஆள் விடுறேன். இப்ப வந்ததுக்குக் கொல்லையில ஆளுக்கொரு பாத்தி களையெடுத்துட்டுப் போங்க."

பாதிப் பேர் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பினார்கள். மிச்சப் பேர் சேலையை வரிந்து கட்டினார்கள்.