என் கணவரின் அண்ணன் காய்ச்சிய கசாயம்

கொரோனா சமயத்தில் கறம்பக்குடியில் எங்கள் தெருவுக்கே கபசுரக் குடிநீர் காய்ச்சி ஊற்றியவர் என் கணவரின் அண்ணன். என் கணவருக்குக் காய்ச்சல் முற்றி மூச்சு முட்டியபோதும் சொம்போடு வந்து வாசலை மறித்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா ஊரு என்ன பேசும்? எங் கசாயத்துக்குக் கேக்கலைன்னுல்ல சொல்லும்!"

வீடு வீடாகப் பார்த்து வந்த சித்த மருத்துவர் அம்மா, என் கணவரின் விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியை மாட்டியதும் முகம் மாறினார்.

"கசாயம் குடிக்கட்டும்ங்க. அதுக்காக மூச்சு வாங்குறவர வீட்ல வச்சுக்கிட்டு என்ன பண்றீங்க?" என்று அண்ணனிடம் சீறிவிட்டு, தானே ஆம்புலன்ஸை அழைத்தார்.

ஆக்சிஜன் வைத்துத்தான் என் கணவர் பிழைத்தார். "எங் கசாயந்தான் தம்பியக் காப்பாத்துச்சு" என்று அந்த மனிதர் இன்றும் கல்யாண வீடுகளில் அளந்துகொண்டிருக்கிறார்.

கசாயத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. சளி பிடித்தால் நானும்தான் காய்ச்சுகிறேன். அந்த ஆளுக்கு மட்டும் என் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது.