அடைப்புக்குறி அக்காவின் கைத்தவறு

அந்த மாநாட்டு மண்டபத்தில் அவளை எல்லோரும் அடைப்புக்குறி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த பிரதிநிதிகளும் அப்படித்தான். மேடைக்குக் கீழே இடது ஓரத்தில் சின்ன மேசை, ஒரு விசைப்பலகை, ஒரு குவளைத் தண்ணீர். எதிரே சுவரை அடைத்துக்கொண்டு பெரிய திரை. நூற்றுச் சொச்சம் நாடுகளின் ஆட்கள் உட்கார்ந்து, இணையத்தை யார் ஆள்வது என்று வாதாடுவார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல, ஒப்பந்தத்தின் வரைவைத் திரையில் தட்டுவது அவள் வேலை. ஒரு சொல்லை ஒரே ஒருவர் ஆட்சேபித்தாலும் அதைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டுவிட வேண்டும். எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் குறியை எடுக்கலாம். பதினோரு வருடத்தில் அவள் எடுத்தது கொஞ்சம், போட்டது கொள்ளை.

வீட்டிலும் அந்தப் பழக்கம் விடவில்லை. கடைக்குப் போகும் சீட்டில் புருஷன் வேண்டாம் என்ற சாமானை அடைப்புக்குறிக்குள் எழுதுவாள். பிறகு வாங்கி வந்துவிடுவாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். நாட்டு நடப்பெல்லாம் அவள் வழியாகத்தான் அவருக்குத் தெரியும். அதில் பாதியை நம்பவும் மாட்டார்.

மண்டபத்தில் பெரிதாக இரண்டு கட்சி. அரசுகள்தான் கூடி முடிவெடுக்க வேண்டும், நாட்டுக்கு ஒரு ஓட்டு என்பது ஒரு கட்சி. இணையத்தைக் கட்டி ஓட்டுகிறவர்கள் பொறியாளர்களும் நிறுவனங்களும், பயன்படுத்துகிறவர்கள் மக்கள், அவர்களும் அரசுகளுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும் என்பது மறு கட்சி. இருபத்து நான்காம் பத்தியில், இவர்கள் எல்லோரும் ‘சமமாக’ அமர்ந்து முடிவெடுப்பார்கள் என்று ஒரு வரி. அந்த ஒற்றைச் சொல் மூன்று வருடமாக அடைப்புக்குறிக்குள் ஆயுள்கைதி மாதிரி கிடந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு இடைவேளை முடிந்ததும், அந்தப் பத்தியை மேலே கொண்டுபோய் வைக்கச் சொன்னார் தலைவர். அக்கா வெட்டி ஒட்டினாள். ஒட்டியதில் இரண்டு வரி ஒன்றோடொன்று இடித்தன. அதைச் சரிசெய்யும்போது ‘சமமாக’வின் இரண்டு பக்கத்துக் குறிகளும் சேர்ந்து போய்விட்டன. அவள் கவனிக்கவில்லை. மண்டபமும் மூச்சுவிடவில்லை. விவாதம் அடுத்த பத்திக்கு நகர்ந்தது.

வியாழக்கிழமை காலை, பேருந்தில் வழக்கம்போலப் பழைய நகலையும் புதிய நகலையும் மடியில் வைத்து ஒத்துப் பார்த்துக்கொண்டு வந்தபோது, ‘சமமாக’வைச் சுற்றிக் குறிகள் இல்லாதது கண்ணில் பட்டது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், அங்கிருந்து வேகவேகமாகத் திரும்பி நடந்தாள். நடந்துகொண்டே புருஷனுக்குப் போன் போட்டாள். அவர் எங்கோ ஏழாவது மாடியில் இருந்தார்.

"மூணு வருஷமாத் தீராத சண்டையை நீ ரெண்டு நாளாத் தீர்த்து வச்சிருக்கே. இன்னும் ரெண்டு நாள் வாயை மூடிட்டு இரேன்," என்றார். கிண்டலா, நிஜமாகவே சொல்கிறாரா என்று அவளுக்குப் புரியவில்லை. அவருக்கும் புரிந்திருக்காது.

தலைவர் ஓய்வுபெறப் போகிற, நல்ல மனிதர். அவருடைய அறையில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். நாளை சாயந்தரத்தோடு கூட்டம் முடிகிறது. யாருமே கேட்காதபோது நாமாக எதற்குக் கிளற வேண்டும் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"அவங்க சொன்னதைப் போடுறதுதான் சார் என் வேலை," என்றாள் அக்கா. "சொல்லாததை எடுக்கிறதுக்கு நான் யாரு? நான் ஒண்ணும் ஒரு நாடு இல்லையே."

அப்படியானால் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றார் தலைவர். மண்டபத்தில் கூட்டம் தொடங்கியதும் தன் ஒலிவாங்கியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். பதினோரு வருடத்தில் அந்த மண்டபம் அவள் எழுத்தைப் பார்த்திருந்ததே தவிர, குரலைக் கேட்டதில்லை. செவ்வாய்க்கிழமை தன் கை தவறிய கதையைச் சுருக்கமாகச் சொல்லி, மன்னிப்புக் கேட்டுவிட்டு, எல்லோர் கண்முன்னாலும் குறியைத் திரும்பப் போட்டாள்.

அரசுகள் கட்சியின் நெட்டைத் தூதர் கையை உயர்த்தினார். தாங்கள் செவ்வாய்க்கிழமையே பார்த்துவிட்டதாகவும், தங்கள் நாட்டு அரசுதான் தங்களிடம் சொல்லாமல் விட்டுக்கொடுத்துவிட்டது போலிருக்கிறது, கேட்டால் நமக்குத்தான் அவமானம் என்று பேசாமல் இருந்ததாகவும் ஒப்புக்கொண்டார். அடுத்து மறு கட்சியின் வக்கீலம்மா எழுந்தார். நாங்களும் பார்த்தோம், எதிர்த்தரப்பு பெரிய மனசு பண்ணியிருக்கிறது, நன்றி சொன்னால் மனம் மாறிவிடுவார்களோ என்று பயந்து நன்றிகூடச் சொல்லவில்லை என்றார். முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. பின்வரிசை மொழிபெயர்ப்பாளர்கள்வரை சிரிப்பு பரவ, அக்கா மட்டும் விசைப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிரித்து முடித்ததும் சண்டை தொடங்கியது. ஆனால் பழைய சுருதி இல்லை. அந்தச் சொல்லோடு இரண்டு நாள் குடித்தனம் நடத்தியாகிவிட்டது, வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை என்பது எல்லோருக்கும் உள்ளூரத் தெரிந்திருந்தது. மதியம்வரை இழுத்துப் பறித்து, ‘சமமாக’ இருக்கட்டும், ஆனால் ஒரு நாட்டின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டதில் அந்த நாட்டு அரசின் சொல்லே கடைசிச் சொல் என்று கீழே ஓர் அடிக்குறிப்பு வரட்டும் என்றார்கள். இரண்டு தரப்புக்கும் அரைத் திருப்தி. இந்தத் தொழிலில் அது முழு வெற்றி. தலைவர் மூன்று முறை கேட்டு உறுதிசெய்துகொண்டு, "இப்ப எடுங்கம்மா," என்றார். அக்கா எடுத்தாள். இடது குறியை எடுத்துவிட்டுத் திரையை ஒருமுறை சரிபார்த்தாள், பிறகுதான் வலது குறி.

அதனால் இணையத்தை யார் ஆள்வது என்பது தீர்ந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். இன்னும் நூற்றுப் பதினான்கு இடத்தில் குறிகள் இருந்தன. அடுத்த மாதம் நிர்வாகத்திலிருந்து அவளுக்குக் கவனக்குறைவு என்று ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதே உறையில், அடுத்த வருடமும் இதே அக்காதான் தட்ட வேண்டும் என்று இரண்டு கட்சியும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட மனுவின் நகலும் இருந்தது. அவர்கள் சேர்ந்து கையெழுத்திட்ட முதல் காகிதம் அதுதான் என்று தலைவர் ஓய்வுபெற்ற அன்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவள் மேசையிலும் ஓர் ஒலிவாங்கி வைத்தார்கள். இதுவரை ஒரே ஒரு தடவைதான் அதில் பேசியிருக்கிறாள். வேகமாகப் பேசிக்கொண்டே போன ஓர் அமைச்சரிடம், "கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க. எனக்குக் கை ரெண்டுதான்," என்று.