ஹில்மர் அடிக்காத மணி

ஹில்மர் எங்கள் ஊர் பிளம்பர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் யார் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் ஒழுகட்டும் என்று கிளப்புக்கு ஓடி வந்துவிடுவார். டெக்சாஸில் எங்களைப் போன்ற ஜெர்மன்காரர் ஊர்களில் இன்னமும் ஒன்பது கட்டைகளை நிறுத்தித்தான் பந்து உருட்டுகிறோம். ஒன்பதும் விழுந்தால் ஒன்பது புள்ளி. நடுவில் இருக்கும் சிவப்புக் கட்டை மட்டும் தப்பி நின்றால் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டை முடித்துவைக்கிறவர், பீர் மேடைக்கு மேலே தொங்கும் மாட்டு மணியை அடிக்கலாம்.

அந்த மணியை மாட்டியதே ஹில்மர்தான். ஆனால் ஒரு தடவைகூட அடித்ததில்லை. எப்படி உருட்டினாலும் அவர் பந்து இடது பக்கம் ஒதுங்கிவிடும். "உன் பந்துக்கு அந்தப் பக்கம்தான் பொண்ணு எடுத்திருக்கா?" என்று நான் கேட்பேன். சிரிப்பார். வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டும் மணியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்.

யார் உருட்டுவது என்று சொல்வது கேப்டன். எங்கள் கேப்டன் ஹில்மரின் மனைவி வெர்லீன். வீட்டில் 'என்னங்க', கிளப்பில் வெறும் 'ஹில்மர்'. முக்கியமான நேரத்தில் அவரைக் கூப்பிடவே மாட்டாள்.

பக்கத்து ஊரோடு இறுதி ஆட்டம். சிவப்புக் கட்டையும் இடது ஓரத்தில் ஒரு வெள்ளைக் கட்டையும் நிற்கின்றன. மிச்சம் ஒரே பந்து. பன்னிரண்டு கிடைத்தால்தான் ஜெயிப்போம். நான் எழுந்துவிட்டேன்.

"எல்ராய், நீ உட்காரு. ஹில்மர், வா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெயிக்கிற எண்ணமே இல்லையா என்று கத்தினேன்.

"அவரு பந்து எங்க போகும்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு அவரிடம், "எப்பவும் போடற மாதிரியே போடு, போதும்."

பந்து வழக்கம்போல ஒதுங்கியது. வெள்ளைக் கட்டை விழுந்தது. சிவப்பு ஆடி ஆடி, கடைசியில் நின்றது.

ஹில்மர் மேடைக்கு ஓடினார். கையை நீட்டினார், எம்பினார். எட்டவில்லை. ஏணி போட்டு மாட்டிய மனிதர், தன் கைக்கு எட்டுமா என்று அன்று பார்க்கவே இல்லை.

சபை முழுக்கச் சிரிப்பு. வெர்லீன் என்னைப் பார்த்தாள். "சும்மாதானே நிக்கிற? தூக்கு அவரை."

தோளில் தூக்கினேன். நல்ல கனம். எல்லாரும் சாசேஜ் தட்டுகளோடு உட்கார்ந்த பிறகும் அவர் அடித்துக்கொண்டே இருந்தார். போதுமா என்று நான் கேட்கவில்லை.